புல் தாங்கிய தண்டவாளம்

பொன்மலை ரயில்வே காலனியில் யார் வீட்டிலும் அலாரம் கடிகாரம் தேவைப்பட்டதில்லை. ஒர்க்‌ஷாப் சங்குதான் எங்களை எழுப்பியது, பள்ளிக்கு அனுப்பியது, மத்தியானச் சோற்றுக்கு உட்காரவைத்தது. நாகப்பட்டினத்தில் இருந்த பட்டறையை 1928இல் பொன்மலைக்குக் கொண்டுவந்த கதையை அப்பா அடிக்கடி சொல்வார். அங்கே பாய்லர் ஷாப்பில் முப்பத்தேழு வருஷம் வேலை பார்த்தவர் அவர். சாயங்காலம் ஆர்மரி கேட் வழியாகச் சைக்கிள்கள் கூட்டமாக வெளியே வரும். அப்பா வீட்டுக்குப் பின்பக்கமாக வந்து, குழாயடியில் கைகால் கழுவி, காக்கிச் சட்டையைக் கொடியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவார். எவ்வளவு தேய்த்தாலும் காது மடிப்பில் கரி ஒரு கோடாக நிற்கும்.

அந்தக் கோடு எனக்குக் கூச்சமாக இருந்தது. எட்டாம் வகுப்பில் ஏதோ ஒரு படிவத்தில் ‘தகப்பனார் தொழில்’ என்ற இடத்தில் ‘மத்திய அரசு ஊழியர்’ என்று எழுதினேன். பொய் இல்லைதான். கையெழுத்துப் போடும்போது அப்பா அந்த வரியைப் படித்தார். ஒன்றும் சொல்லாமல் பேனாவை மூடித் தந்தார். ‘பாய்லர் மேக்கர்’ என்று நான் எழுதியிருக்கலாம். இருபது வருஷம் கழித்து, வேல்ஸில் ஓயாமல் மழை பெய்யும் ஒரு கடலோர ஊரில், பல் டாக்டரும் வாத்தியாரும் பேங்க் மேனேஜரும் லீவு போட்டுவிட்டு வந்து அப்பாவின் வேலையைச் சம்பளம் வாங்காமல் செய்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். உடனே எனக்கு ஞாபகம் வந்தது அந்தப் படிவம்.

மென்பொருள் வேலைக்காக 1999இல் பர்மிங்ஹாம் வந்தவன் நான். 2003 கோடையில் மகனுக்கு ஐந்து வயது. தாமஸ் ரயில் கதை இல்லாமல் சோறு இறங்காது. அந்தக் கதைகளை எழுதிய ஆட்ரி பாதிரியார் வேல்ஸில் ஒரு சின்ன ரயிலில் தன்னார்வலராகக் கார்டு வேலை பார்த்தவர் என்றும், அந்த ரயில் இன்னும் ஓடுகிறது என்றும் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். ஷ்ரூஸ்பரி தாண்டி, மகின்லெத் தாண்டி, டவி ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டியே ரயில் போகும். கையை நீட்டினால் தண்ணீர். டவின் என்கிற ஊரில் இறங்கி ஐந்து நிமிஷம் நடந்தால் டாலிலின் ரயில்வேயின் வார்ஃப் நிலையம். ‘டாலிலின்’ என்று நான் எழுதுவதை அந்த ஊர்க்காரர்கள் ஏற்க மாட்டார்கள். அதில் வரும் ஒலி மற்றவர்களுக்கு எளிதில் வராது. நாக்கை மேலே ஒட்டி, இரண்டு ஓரத்திலும் காற்றை ஊத வேண்டும். நம்முடைய ழகரத்தைச் சொல்லிக்கொடுத்து, பதிலுக்கு அதைக் கற்றுக்கொண்டேன். இன்னும் சரியாக வரவில்லை.

இரண்டேகால் அடி அகலப் பாதை அது. தண்டவாளத்தின் குறுக்கே சும்மா ஒரு எட்டு வைத்தால் தாண்டிவிடலாம். மொத்தத் தூரம் ஏழேகால் மைல். ஊட்டி மலை ரயிலின் மீட்டர் கேஜையே ‘பொம்மை ரயில்’ என்று சொல்லி வளர்ந்த எனக்கு, இதை என்னவென்று சொல்வதென்று தெரியவில்லை. பெட்டியில் ஏறினோம். ஒரு பக்கம் மட்டும்தான் கதவு. எதிர்ப்பக்கம் இறங்க வழியே கிடையாது. ஏன் என்று மகன் கேட்க, தொப்பி வைத்த கார்டு குனிந்து அவன் முகத்துக்கு நேரே முகம் வைத்து விளக்கினார்.

1866இல் அரசு இன்ஸ்பெக்டர் கேப்டன் டைலர் பாதையைச் சோதிக்க வந்தார். மேலே குறுக்காகப் போகும் பாலங்களைக் குறுகலாகக் கட்டிவிட்டிருந்தார்கள். பெட்டிக்கும் பாலச் சுவருக்கும் நடுவே போதுமான இடைவெளி இல்லை. வண்டி பாலத்தடியில் நின்றுபோனால் கதவைத் திறந்து ஆள் இறங்க முடியாது. பாலங்களை இடித்துக் கட்டக் காசு இல்லை. அதனால் பெட்டிகளின் ஒரு பக்கக் கதவுகளை நிரந்தரமாக அடைத்துவிட்டு, பாலத்தடியில் மட்டும் தண்டவாளத்தை அந்தப் பக்கமாக ஒதுக்கிப் போட்டார்கள். கதவுள்ள பக்கம் இடம் கிடைத்தது. வழிநெடுக எல்லா பிளாட்பாரமும் அதே பக்கம்தான். “இன்றைக்கும் அப்படித்தான் ஓடுகிறோம், பாலம் வரும்போது பார்” என்றார். பாலம் வந்தது. அடைத்த பக்கம் ஜன்னலுக்கு வெளியே கல்சுவர் உரசுகிற மாதிரி போனது. அதில் இருந்த பாசியைக்கூட எண்ணலாம் போலிருந்தது. மகனைவிட நான்தான் அதிகம் வாய்பிளந்து பார்த்தேன்.

திரும்பி வந்ததும் டீக்கடையில் உட்கார்ந்தோம். டீ கொடுத்த அம்மாளுக்கு எழுபது வயது இருக்கும். கார்டு பெரியவர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் என்றும், இன்றைய டிரைவர் வாரநாட்களில் பல் பிடுங்குகிறவர் என்றும் அந்த அம்மாள்தான் சொன்னார். நிரந்தர ஊழியர்கள் கொஞ்சம் பேர் உண்டு. மற்றதெல்லாம் சந்தா கட்டிச் சேர்ந்த உறுப்பினர்கள் தங்கள் செலவில் வந்து செய்வது. “உங்களுக்கு ரயில் பிடிக்குமா?” என்று கேட்டார். “என் அப்பா ரயில்வே பாய்லர் மேக்கர்” என்றேன். அந்தச் சொல்லை வாய்விட்டு ஒரு அந்நியரிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த அம்மாள் டீ ஜாடியைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே திரும்பி யாரையோ கூப்பிட்டார். “இங்கே வாருங்கள், இவருடைய அப்பா பாய்லர் மேக்கராம்!” அரைமணி நேரத்தில் உறுப்பினர் படிவம் என் கையில் இருந்தது. அதில் ‘தகப்பனார் தொழில்’ என்ற இடம் இல்லை. இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

ரயில் சங்கத்தில் சேர்ந்தவுடன் இன்ஜினில் ஏறிக் கரி அள்ளலாம் என்று நினைத்துத்தான் போனேன். முதல் சனிக்கிழமை என் கையில் மண்வெட்டியைக் கொடுத்தார்கள். பிரின்கிளாஸ் நிலையத்துக்கு அருகில் மக்கிப்போன ஸ்லீப்பர் கட்டைகளை மாற்றும் வேலை. ஜல்லியைத் தோண்டி ஒதுக்கி, பிடிப்புகளைக் கழற்றி, பழைய கட்டையைப் பக்கவாட்டில் இழுத்துப் போட்டு, புதுக்கட்டையைச் சொருகி, அடியில் ஜல்லியைத் திணித்து இடிக்க வேண்டும். ஒரு கட்டைக்கு நான்கு பேர். மழை பெய்துகொண்டே இருந்தது. யாரும் அதைக் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை. வெளியே எடுத்த கட்டை கையோடு பிய்ந்து வந்தது, ஈரக் கேக் மாதிரி.

எங்கள் கேங்குக்குத் தலைவர் அந்தக் கணக்கு வாத்தியாரேதான். கட்டை மாற்றி முடிந்ததும் எல்லாரும் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டோம். அவர் மட்டும் பாதையோரச் சாக்கடைக்குள் இறங்கி, அடைத்திருந்த இலையையும் சேற்றையும் கையாலேயே வாரிப் போட ஆரம்பித்தார். தேங்கியிருந்த தண்ணீர் ஒரு பெருமூச்சோடு நகர்ந்தது. “கட்டையை மாற்றுவது வைத்தியம். இதைச் செய்யாவிட்டால் அடுத்த வருஷம் அதே வைத்தியம் மறுபடி” என்றார். அன்றைக்கு எனக்குப் புரிந்தது இதுதான்: ரயில் பாதையின் பெரிய பகை தண்ணீர். புகைவண்டியைப் படம் பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள். அதை ஓடவைப்பது நவம்பர் மாதத்து மழையில் சாக்கடை வாரும் நான்கு பேர். பின்னால் நான் இன்ஜினிலும் வேலை செய்தேன். ஆனாலும் கேங் வேலைக்கு வருஷத்தில் சில நாளாவது ஒதுக்காமல் இருந்ததில்லை.

அந்த வாத்தியார் சிறுவயதிலிருந்தே இந்த ரயிலைப் பார்த்தவர். மழைக்கு ஒதுங்கி நின்ற நேரங்களில் அவரிடம் கேட்டதும், வார்ஃப் நிலைய அருங்காட்சியகத்தில் பார்த்ததும், ரயிலைக் காப்பாற்றிய டாம் ரோல்ட்டின் புத்தகத்தில் படித்ததுமாகச் சேர்ந்து இந்த ரயிலின் கதை எனக்குள் ஒன்றாகிவிட்டது.

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வந்து பஞ்சு வரத்து நின்றுபோனது. மான்செஸ்டரில் நூற்பாலை வைத்திருந்த மெக்கானல் குடும்பம் வேறு தொழில் தேடி, மலைமேல் பிரின் எக்லுயிஸ் என்னும் பலகைக்கல் குவாரியில் பணம் போட்டது. கல்லை இறக்கத்தான் 1865இல் இந்த ரயில். வீட்டுக்கூரை வேயும் கற்பலகை அது. 1911இல் குவாரியையும் ரயிலையும் சேர்த்து வாங்கியவர் அந்தத் தொகுதி எம்.பி.யான ஹென்றி ஹெய்டன் ஜோன்ஸ். 1946 டிசம்பர் 26 அன்று குவாரி சரிந்தது. அதோடு கல் எடுப்பது நின்றது. ஏற்றுவதற்குச் சரக்கே இல்லை. “நான் உயிரோடு இருக்கும்வரை ரயில் ஓடும்” என்ற சொல்லை அவர் காப்பாற்றினார். நஷ்டத்திலேயே ஓட்டினார். 1948இல் பிரிட்டனின் ரயில்களை அரசு எடுத்துக்கொண்டபோது இந்தச் சின்ன ரயில் அந்தப் பட்டியலில் வரவில்லை. 1950 ஜூலையில் அவர் காலமானார். கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

டாம் ரோல்ட் எழுத்தாளர், என்ஜினியர். படகிலேயே வீடு கட்டி வாழ்ந்தவர். கால்வாய்களைக் காக்க முன்பே போராடியவர். 1950 அக்டோபர் 11 அன்று பர்மிங்ஹாமில் இம்பீரியல் ஹோட்டலில் ஒரு கூட்டம் கூட்டினார். எழுபது பேர் வந்தார்கள். நாமே சேர்ந்து இதை ஓட்டுவோம் என்று முடிவானது. சம்பளமில்லாத ஆட்கள் ஒரு பொது ரயிலை எடுத்து நடத்துவது உலகில் அதற்கு முன் நடந்ததில்லை. ஹெய்டன் ஜோன்ஸின் மனைவி ரயிலை அவர்கள் பொறுப்பில் விட்டுக்கொடுத்தார். 1951 மே 14 அன்று வார்ஃபிலிருந்து ரிடரோனென் வரைக்கும் முதல் வண்டி கிளம்பியது.

அவர்கள் கைக்கு வந்த சொத்து என்ன தெரியுமா? இரண்டு இன்ஜின்கள். அதில் 1864இல் செய்த ‘டாலிலின்’ ஓடும் நிலையில் இல்லை. 1866இல் செய்த ‘டோல்கோக்’ மட்டும்தான். எண்பத்தைந்து வயது இன்ஜின் தன்னந்தனியாக அந்த முதல் பருவத்தை இழுத்தது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் மூடப்பட்ட கோரிஸ் ரயில்வேயின் இரண்டு இன்ஜின்கள் மகின்லெத்தில் துருப்பிடித்து நின்றன. நல்ல காலம், அதே இரண்டேகால் அடி அகலம். ஒவ்வொன்றும் இருபத்தைந்து பவுண்டுக்குக் கிடைத்தது. ஒன்றுக்கு ‘சர் ஹெய்டன்’ என்றும் இன்னொன்றுக்கு, ஹெய்டன் ஜோன்ஸ் காலத்தில் மேனேஜராக இருந்தவரின் நினைவாக ‘எட்வர்ட் தாமஸ்’ என்றும் பெயர் வைத்தார்கள்.

தண்டவாளமோ புல்லுக்குள் மூழ்கிக் கிடந்தது. முதலில் எல்லாரும் புல்லை வெட்டிச் சுத்தம் செய்யத்தான் துடித்திருப்பார்கள். ஆனால் அடியில் கட்டைகள் மக்கிப்போயிருந்தன. ஆணி பிடிக்க மரமே இல்லாத இடங்களில் தண்டவாளம் இரண்டையும் விலகாமல் பிடித்து வைத்திருந்தது அந்தப் புல்வேர்தான். புல்லை எடுத்தால் பாதை விரிந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, கட்டையை மாற்றிய பிறகே புல்லை எடுத்தார்கள். இதை வாத்தியார் சொன்ன அன்று நான் வெகுநேரம் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆட்ரி பாதிரியார் கார்டாக இருந்ததும் அந்த ஆரம்ப வருஷங்களில்தான். ஒருநாள் பச்சைக் கொடியைக் காட்டி வண்டியைக் கிளப்பிவிட்டார். டீ விற்கும் அம்மாள் பிளாட்பாரத்திலேயே நின்றுவிட்டார். அந்தத் தவறை அவர் மறைக்கவில்லை. 1955இல் வந்த கதைப் புத்தகத்தில் ஒரு குட்டி இன்ஜின் செய்ததாக எழுதிவைத்தார். என் மகன் அந்தக் கதையை மனப்பாடமாகச் சொல்வான்.

இன்ஜின் பக்கம் வர எனக்கு மூன்று வருஷம் ஆனது. முதலில் கிளீனர். பிறகு பரீட்சை. பிறகு ஃபயர்மேன். டிரைவர் ஆவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம்கூட ஆகும், வாரக்கடைசி மட்டும் வருகிறவர்களுக்கு. அவசரப்பட யாரும் விடுவதில்லை. அதிகாலை ஐந்து மணிக்குப் பென்ட்ரே ஷெட்டின் கதவைத் தள்ளித் திறக்கும்போது உள்ளே இருந்து எண்ணெயும் ஈரச் சாம்பலும் கலந்து ஒரு வாசனை வரும். அப்பாவின் சட்டை வாசனை. முதல் தடவை அந்த வாசனை வந்தபோது நான் விளக்கைப் போடாமல் இருட்டில் கொஞ்ச நேரம் நின்றேன்.

அடுப்பு மூட்டுவது பெரிய கலை. முதலில் கேஜ் கிளாஸில் தண்ணீர் மட்டம் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் தீக்குச்சியைத் தொடவே கூடாது. பிறகு விறகு, எண்ணெயில் தோய்த்த துணி. விறகு நன்றாகப் பிடித்த பிறகு கைப்பிடி கைப்பிடியாகக் கரி. சீக்கிரம் சூடாக்கினால் தகடு ஒரு பக்கம் விரிந்து ஒரு பக்கம் விரியாமல் பாய்லர் கெட்டுப்போகும். மூன்று நான்கு மணி நேரம் பொறுமையாகக் காத்திருந்தால் மெல்ல ஒரு முனகல் கேட்கும். அழுத்தமானியின் முள் அசையும். அதுவரை பித்தளை துடைக்கலாம், எண்ணெய் விடலாம், வாத்தியார் கொண்டுவரும் ரொட்டியைச் சாம்பல் கையோடு தின்னலாம்.

ஃபயர்மேன் ஆன புதிதில் எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது. ஒரு ஆகஸ்ட் மாதம், வண்டி நிறையக் கூட்டம். டோல்கோக் நிலையத்தை நோக்கி ஏற்றத்தில் போகும்போது, முன்ஜாக்கிரதை என்று நினைத்து ஒரேயடியாகக் கரியை வாரிக் கொட்டினேன். தீ கறுத்துப்போனது. முள் இறங்க ஆரம்பித்தது. பயத்தில் இன்னும் கொஞ்சம் போட்டேன். மேலும் இறங்கியது. டிரைவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. வண்டியை நிறுத்தினார். “கரண்டியைக் கீழே வை. நெருப்பைப் பார். அதுவே சொல்லும்” என்றார். ஏழு நிமிஷம் நின்றோம். பெட்டிகளில் இருந்தவர்கள் ஜன்னல் வழியே செம்மறியாடுகளைப் பார்த்துச் சந்தோஷமாக இருந்தார்கள். எனக்குத்தான் காது வரை சூடு. கறுப்புக்கு நடுவே ஒரு சிவப்புக் கண் திறந்தது, பிறகு இன்னொன்று. முள் ஏறியது. டோல்கோக்கின் மூன்று வளைவுச் செங்கல் பாலத்தை வண்டி தாண்டியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

2008 ஆகஸ்ட்டில் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அப்பா ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆகியிருந்தது. பாய்லர் ஷாப்பில் முப்பத்தேழு வருஷம் ரிவெட் அடித்த சத்தம் அவர் காதைத் தின்றுவிட்டிருந்தது. டிவியை முழுச் சத்தத்தில் வைப்பார். பேசும்போது எதிராளியின் வாயைப் பார்ப்பார். நான் வாரக்கடைசியில் ரயில் வேலைக்குப் போவதை போனில் சொல்லியிருக்கிறேன். அவருக்கு அது எப்படி விழுந்ததோ தெரியாது.

டவினுக்கு அழைத்துப் போனேன். அம்மா பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். அப்பா ஏறவே இல்லை. இன்ஜினைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். குனிந்து அடியில் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

“இவங்களுக்கெல்லாம் என்னடா சம்பளம்?”

“சம்பளம் இல்லப்பா. இவங்கதான் சந்தா கட்டிட்டு வர்றாங்க.”

அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து இன்னொரு தடவை உரக்கச் சொன்னேன்.

“கேட்டுச்சு, கேட்டுச்சு” என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. “சனிக்கிழமை ஓவர்டைம் போட்டா நாங்க போட்டி போட்டுக்கிட்டுப் போவோம். இவங்க சும்மாவே வர்றாங்களா.” அவர் குரலில் கேலி இல்லை. எதையோ கணக்குப் போட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது.

மேலே மலையில் கல் வெட்டிய தொழிலாளிகளைப் பற்றியும் அன்றைக்கு அவரிடம் சொன்னேன். அவர்கள் இந்த ரயிலைக் காதலித்தார்களா என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கு இது பிழைப்புக்குப் போகும் வழி. அபர்கினோல்வின் கிராமத்தில் இன்றைக்கும், எங்கள் தாத்தா குவாரியில் இருந்தார் என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு. அவர்களிடம் பேசும்போது நாங்கள் விருந்தாளிகள் என்பதை நான் மறப்பதில்லை. வயிற்றுக்காகச் செய்தவர்களின் வேலையை ஆசைக்காகச் செய்கிறவர்கள், அந்த வேலைக்கு மரியாதை செய்ய ஒரே வழி அதை ஒழுங்காகச் செய்வது. அப்பா தலையாட்டினார். கேட்டுத்தான் ஆட்டினாரா தெரியாது.

பிறகு அவரைப் பென்ட்ரே ஒர்க்‌ஷாப்புக்குக் கூட்டிப்போனேன். உறையெல்லாம் கழற்றி, சோதனைக்காக ஒரு பாய்லர் நின்றது. பாய்லர் பொறுப்பாளர் அப்பா வயதுதான். அப்பாவுக்கு அந்த இங்கிலீஷ் புரியாது. அவருக்குத் தமிழ் எங்கே. நான் நடுவில் நின்று மொழிபெயர்க்கலாம் என்று இருந்தேன். தேவையே படவில்லை. அப்பா விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார்: “ஃபயர்பாக்ஸ். கிரவுன் ஷீட். ஸ்டே. டியூப். மட் ஹோல் டோர்.” அவரும் அதையே திருப்பிச் சொன்னார். வீட்டில் நான் பிறந்ததிலிருந்து கேட்ட சொற்கள். அவை இங்கிலீஷ் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. எனக்கு அவை பொன்மலைத் தமிழ்.

பாய்லரின் உள்தகட்டையும் வெளித்தகட்டையும் சேர்த்துப் பிடிக்க வரிசை வரிசையாக ஸ்டே கம்பிகள் இருக்கும். அவற்றில் ஏதாவது உடைந்திருக்கிறதா என்று சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல ஸ்டே மணி மாதிரி பதில் சொல்லும். உடைந்தது செத்த சத்தம் போடும். பொறுப்பாளர் சுத்தியலை அப்பாவிடம் நீட்டினார். நான் தடுக்கப் பார்த்தேன், அவருக்குக் காது கேட்காதே. அப்பா என்னைப் பார்க்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு, ஃபயர்பாக்ஸ் வாய்க்குள் தலையையும் தோளையும் நுழைத்தார். இடது உள்ளங்கையைத் தகட்டில் விரித்து வைத்தார். வலது கையால் தட்ட ஆரம்பித்தார். ஒரு தட்டு, கையை நகர்த்து. ஒரு தட்டு, கையை நகர்த்து. அவர் காதால் கேட்கவே இல்லை. அதிர்வைக் கையில் வாங்கிக்கொண்டிருந்தார். காது போன பிறகு எத்தனை வருஷம் அப்படி வேலை செய்தாரோ. வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை.

மூன்றாவது வரிசையில் கை நின்றது. திரும்பவும் தட்டினார். உள்ளங்கையை எடுத்து, வேட்டியில் துடைத்து, மறுபடி வைத்துத் தட்டினார். “சாக்பீஸ் இருக்கா கேளுடா” என்றார். ஒரு வட்டம் போட்டார்.

பொறுப்பாளர் சிரித்துக்கொண்டே தன் நோட்டுப் புத்தகத்தை எடுத்து விரித்துக் காட்டினார். மாற்ற வேண்டிய ஸ்டேக்களின் வரைபடம். அப்பா வட்டமிட்ட இடத்தில் அவர் ஏற்கெனவே ஒரு புள்ளி வைத்திருந்தார். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். ஷெட்டில் அப்போது பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் பயிற்சியில் இருந்தான். அப்பா அவனைக் கிட்டே கூப்பிட்டு, அவன் கையைப் பிடித்துத் தகட்டில் வைத்து அழுத்தினார். நல்ல ஸ்டேயைத் தட்டினார். பிறகு வட்டம் போட்டதைத் தட்டினார். பையனின் முகத்தைப் பார்த்தார். அவன் ஒருமுறை இல்லை என்று தலையாட்டினான். மறுபடி. மறுபடி. ஐந்தாவது தடவை அவன் புருவம் மேலே ஏறியது. “ஆங்” என்றார் அப்பா.

அன்றைக்கு இரவு விடுதி அறையில் அப்பா கை கழுவுவதைப் பார்த்தேன். காது மடிப்பில் கரிக்கோடு. துண்டை நனைத்து நானே துடைத்துவிட்டேன். அவர் தலையைச் சாய்த்துக் கொடுத்தார்.

அப்பா 2010இல் போய்விட்டார். பட்டறையிலிருந்து ஒரு பிடி வேஸ்ட் காட்டனைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனிதர். அதனால் அவர் பிடித்த சுத்தியல் எதுவும் எங்களிடம் இல்லை. நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை இன்ஜின்கள் பழுதுபார்க்க இறங்கி வந்தது அவருடைய ஷாப்புக்குத்தான். 2011இல் பொன்மலை அந்த வகை இன்ஜினைப் புதிதாகவே கட்டி மலைக்கு அனுப்பிய செய்தியைப் படித்தபோது, ஒரு வருஷம் இருந்திருக்கக் கூடாதா என்று அம்மா அழுதார். மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர் மலையேறும் அந்த ரயிலுக்கு 2005இல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. அதைக் காக்க ஒரு துறையே இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும். எனக்கு இருக்கும் ஆதங்கம் வேறு. பொன்மலையிலும் குன்னூரிலும் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களின் கையில் என்னென்ன இருக்கிறதோ. மாதம் ஒரு சனிக்கிழமை அவர்களை அழைத்து, பக்கத்தில் நான்கு பிள்ளைகளை நிறுத்தி, தொட்டுக்காட்டச் சொன்னால் போதும். ஊதியம் கேட்டு வர மாட்டார்கள். ஒரு சைக்கிள் நிறுத்த இடமும் டீயும் கொடுத்தால் வருவார்கள். என் அப்பா வந்திருப்பார்.

2020 வசந்தத்தில் டாலிலின் வண்டி ஓடவில்லை. பர்மிங்ஹாமில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபடி, பாதையில் புல் எவ்வளவு ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருஷம், வடமேற்கு வேல்ஸின் பலகைக்கல் நிலப்பரப்பை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது பிரின் எக்லுயிஸ் குவாரியும் அபர்கினோல்வினும் எங்கள் ரயிலும் அதில் இருந்தன. கொண்டாடினோம். 2023 நவம்பரில் தெற்கு வேல்ஸில் ஃபோஸ்-இ-ஃப்ரான் கரிச் சுரங்கம் மூடப்பட்டது. நீராவி ரயில்களுக்கு நல்ல கரி தந்துகொண்டிருந்த இடம். தூரத்துக் கரி வருகிறது, தூளை உருட்டிச் செய்த எரிபொருள் வருகிறது. ஒவ்வொன்றும் வேறு மாதிரி எரிகிறது. இருபது வருஷம் நெருப்பைப் படித்தவர்கள் மறுபடி அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். கணக்கு வாத்தியார் இப்போது இல்லை. டீ கொடுத்த அம்மாளும் இல்லை. பிரின்கிளாஸ் சாக்கடையை இப்போது நாங்கள் வாருகிறோம்.

போன ஜனவரியில் பென்ட்ரேயில் இருந்தேன். குளிர்கால வேலை, ஷெட்டுக்குள்ளும் மூச்சு புகையாக வந்தது. அன்றைய பத்தொன்பது வயதுப் பையனுக்கு இப்போது தாடியில் நரை எட்டிப்பார்க்கிறது. அவனிடம் புதிதாகப் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி வேலை பழகுகிறாள். அபர்கினோல்வின் பெண். அவளிடம் சுத்தியலைக் கொடுத்துவிட்டு அவன் ஒதுங்கி நின்றான். அவள் காதுக் கவசத்தை மாட்டிக்கொண்டாள். இப்போது அது கட்டாயம். எனக்குச் சட்டென்று, காது மூடியிருக்கிறதே எப்படிக் கேட்பாள் என்று தோன்றியது. அவள் கையுறையைக் கழற்றி, இடது உள்ளங்கையைத் தகட்டில் விரித்து வைத்தாள். தட்டினாள். கையை நகர்த்தினாள். தட்டினாள். ஓர் இடத்தில் நின்று, உள்ளங்கையை எடுத்துச் சட்டையில் துடைத்துவிட்டு, மறுபடி வைத்துத் தட்டினாள். பிறகு திரும்பாமலே பின்பக்கம் கையை நீட்டினாள். நான் சாக்பீஸை எடுத்துக் கொடுத்தேன்.